காரணம் நான்கு

மணி இரண்டு இருபத்தைந்து. திரையில் நின்ற பதிவோ மூன்று மணி பத்து நிமிடத்தில் நடந்து முடிந்த ஒரு விஷயத்தைச் சொன்னது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், சர்வரின் கடிகாரத்தையும் பார்த்தாள். மூன்றும் ஒற்றுமையாக இருந்தன. அந்த அலுவலகத்தில் அவ்வளவு ஒற்றுமையை அவள் பார்த்து வெகுநாளாயிற்று.

அவள் நிஜத்தில் டீச்சர் இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிகளுக்குப் பின்னால் ஓடும் சர்வர்களைக் கவனிப்பது அவள் வேலை. போனில் உளறுகிறவர்களை நிற்கவைத்துப் பாடம் எடுப்பாள் என்பதால் சக ஊழியர்கள் வைத்த பெயர் அது. விடுமுறை நாள் என்பதால் ஐந்தாவது மாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. வெயில் ஜன்னல் பட்டைகளுக்கு நடுவே புகுந்து காலி நாற்காலிகள் மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. ஏசி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேன் மட்டும் அவ்வப்போது தனக்குத்தானே ஏப்பம் விட்டது. மருத்துவமனை ஊரின் மறுகோடியில், பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தது.

வார்டில் ஒரு நர்ஸ் எதையோ பதிந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் உடனே 'சேமிக்கப்பட்டது' என்று வரும். அது முழு உண்மை இல்லை. அந்தப் பதிவை முதலில் ஒரு கணினி நிரல் வாங்கிக்கொள்ளும். சும்மா இருக்கிற இன்னொரு நிரலிடம் தள்ளிவிடும். அது சரிபார்த்து வரிசையில் நிறுத்தும். எழுதுவதற்கென்றே இருக்கும் நிரல் ஒவ்வொன்றாக எடுத்து நிரந்தரப் பதிவேட்டில் எழுதும். ஹோட்டலில் ஆர்டர் எடுத்தவர் தலையாட்டிவிட்டுப் போவதற்கும் தட்டு மேசைக்கு வருவதற்கும் நடுவே ஒரு சமையலறை இருக்கிறதல்லவா, அதுதான் டீச்சர் காவல் காக்கும் இடம். வழக்கமாக அங்கே எதுவும் அரை நொடிக்கு மேல் நிற்காது.

வீட்டுக்கு அனுப்பும் பதிவு மட்டும் விதிவிலக்கு. நாளைக் காலை போகிறவர்களை இன்றே பதிந்து வைப்பார்கள். நேரம் வரும்வரை அது வரிசையில் காத்திருக்கும். அதே மருத்துவமனையில் படுத்திருந்த அவளுடைய அக்காவின் பதிவும் அப்படித்தான் நின்றது: நாளை காலை பத்து மணி, மூன்றாவது மாடி, படுக்கை ஏழு, காரணம் ஒன்று. ஒன்று என்றால் குணமாகிப் போகிறார். இரண்டு, வேறு மருத்துவமனை. மூன்று, சொந்த விருப்பம். நான்கு, மரணம். தெரிந்தவர்களின் பதிவைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி. காலையிலிருந்து அவள் மூன்று முறை பார்த்துவிட்டாள். முந்தாநாள் பித்தப்பைக் கல்லை எடுத்திருந்தார்கள். அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு அக்காதான்.

மூன்று பத்துக்காரர் வேறு யாரோ. அதே மூன்றாவது மாடி, படுக்கை பன்னிரண்டு, வயது எழுபத்தொன்று, காரணம் நான்கு.

விரல் தவறி ஒன்றுக்குப் பதில் நான்கை அழுத்தியிருப்பார்கள். அது நடக்கிற விஷயம்தான். காத்திருக்கும் எந்தப் பதிவில் கைவைத்தாலும் முதலில் பதிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் குழுவின் வழக்கம். அவசரப்பட்டு அழித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. பதிந்தவர் யார் என்று பார்த்தாள். அந்தக் கட்டத்தில் ஊழியர் எண் இல்லை. ஒரு நோயாளி எண் இருந்தது, அதுவும் படுக்கை பன்னிரண்டுக்காரரின் சொந்த எண். நோயாளிகளுக்கு உள்ளே நுழையும் அனுமதியே கிடையாது.

வார்டுக்குப் போன் செய்தாள். பணியில் இருந்த சிஸ்டர் எடுத்தாள்.

"பன்னிரண்டா? நல்லா உட்கார்ந்திருக்காரு மேடம். பேப்பர் கொண்டா, கண்ணாடி கொண்டான்னு என் உயிர எடுக்கிறாரு."

"அவர் பேர்ல ஒரு தப்பான பதிவு நிக்குது. யாரு போட்டாங்க?"

"மத்தியானத்துல இருந்து இந்தக் கம்ப்யூட்டர நான் தொடவே இல்ல. கிளார்க் லீவு. நாளைக்கு வந்து பார்ப்பாங்க."

டீச்சர் போனை வைத்தாள். எழுந்து ஜன்னல்வரை நடந்தாள், திரும்பினாள், உட்கார்ந்தாள். கால் தானாக ஆடத் தொடங்கியது. அழிக்கலாமா? கேட்க ஆளில்லாமல் அழிக்கக் கூடாது. சரி, நிற்கட்டும் என்று விட்டாள்.

மூன்று பத்துக்கு அந்தப் பதிவு வரிசையிலிருந்து மறைந்து பதிவேட்டில் ஏறியது. மூன்று பதினான்குக்கு சிஸ்டர் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"மேடம், பன்னிரண்டு போயிட்டாரு. பேப்பர மடிச்சு வெச்சுட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. பதிய உட்கார்ந்தா, ஏற்கெனவே பதிஞ்சாச்சுன்னு காட்டுது. நீங்க போட்டீங்களா?"

"இல்ல," என்றாள் டீச்சர்.

அடுத்தது வர அதிக நேரம் ஆகவில்லை. படுக்கை மூன்று, ஒரு பெண், மூன்று ஐம்பத்திரண்டு, காரணம் நான்கு, பதிந்தவர் அவரே. இந்த முறை டீச்சர் யாரையும் கேட்கவில்லை. அழித்தாள். வரிசை ஒரு கணம் காலியானது, பிறகு அதே இடத்தில் அதே பதிவு நின்றது. மறுபடி அழித்தாள், மறுபடி நின்றது. மூன்றாவது முறை அழித்தபோது ஏசியின் முனகல் சட்டென்று நின்றுவிட்டுத் திரும்பவும் தொடங்கியது. பதிவு நின்ற இடத்திலேயே நின்றது.

வார்டுக்குக் கூப்பிட்டு, படுக்கை மூன்றுக்கு உடனே டாக்டரை அனுப்பச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குக் கெஞ்சினாள். யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லாத அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. டாக்டர் போனார். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவர் கை அந்தப் பெண்ணின் மணிக்கட்டில்தான் இருந்திருக்கிறது.

"உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரியுது?" என்று சிஸ்டர் கேட்டாள். இந்த முறை 'மேடம்' இல்லை.

டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை காலை பத்து மணிக்கென்று நின்ற பதிவைக் காணவில்லை. அதற்குப் பதில் வேறொன்று இருந்தது. படுக்கை ஏழு. இன்று. ஐந்து இருபது. காரணம் நான்கு.

பதிந்தவர் எண்ணை அவள் ஒவ்வொரு இலக்கமாக, விரல் வைத்துப் படித்தாள். அக்காவின் எண்தான்.

முதல் யோசனை, ஓடிவிடலாம், டாக்ஸி பிடித்து அக்காவிடம் போய்விடலாம் என்பது. போய் என்ன செய்வது? டாக்டர் கையே போதவில்லையே. அக்காவின் போனுக்கு அடித்தாள்.

"என்ன பாப்பா, வேலை நேரத்துல அதிசயமா இருக்கு?" முப்பத்தெட்டு வயதுப் பாப்பா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சும்மாதான். எப்படி இருக்கே?"

"கஞ்சத்தனமா நாலு வாய் கஞ்சி குடுத்தாங்க. உங்க அத்தான் நல்லா சாப்பிட்டுட்டு பக்கத்துல குறட்டை விடறாரு. நான் நோயாளியா அவர் நோயாளியான்னு சிஸ்டருக்கே சந்தேகம்."

"அக்கா, நீ அங்க இருக்கிற கம்ப்யூட்டர் எதையாவது தொட்டியா?"

"நான் எங்க போய்த் தொட?" அக்கா சிரித்தாள், தையல் வலித்திருக்க வேண்டும், நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு. இப்பக் கொஞ்சம் கண்ணசந்தேன் பாரு, யாரோ வந்து கட்டில் பக்கத்துல நின்னு பேரு கேட்டாங்க. சொன்னேன். வயசு கேட்டாங்க, அதையும் சொன்னேன். சரி, பதிஞ்சாச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. முகம் ஞாபகமில்ல. ஏன் கேக்கறே?"

"ஒண்ணுமில்ல."

"அழறியா நீ?"

"ஏசி ஒத்துக்கல."

அத்தானை எழுப்பிவிடச் சொன்னாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்படி அவரிடம் சொன்னாள். அவர் தூக்கக் கலக்கத்தில் சரி சரி என்றார்.

பிறகு அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அவள் வேலையில் ஊறியவர்களுக்கு மட்டும் தோன்றக்கூடிய வழி. ஒருவர் ஒரு நோயாளியின் பக்கத்தைத் திருத்துவதற்காகத் திறந்துவிட்டால், அவர் மூடும்வரை வேறு யாரும் அதில் எழுத முடியாது. சர்வர் பூட்டுப் போட்டுவிடும். பெரிய டாக்டர் ஆனாலும் காத்திருக்க வேண்டியதுதான். அவள் அக்காவின் பக்கத்தைத் திருத்தும் முறையில் திறந்தாள். ஓரத்தில் சின்னதாக மஞ்சள் நிறப் பூட்டு விழுந்தது. அதற்குக் கீழே அவள் பெயர்.

மூடாமல் இருந்தால் போதும். ஆனால் பத்து நிமிடம் திரை மாறாமல் இருந்தால் சர்வரே ஆளை வெளியே தள்ளிப் பூட்டை எடுத்துவிடும். டீ குடிக்கப் போகிற கிளார்க்குகளை நினைத்து அந்த விதியை எழுதியவளே அவள்தான். அதை இப்போது மாற்றலாம் என்றால் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். நிறுத்தினால் எல்லாப் பூட்டும் போய்விடும். ஆக, அந்த நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முகவரிப் பக்கம், இரத்தவகைப் பக்கம், மறுபடி முகவரிப் பக்கம். சரி, உட்காரலாம் என்று நினைத்தாள். அக்கா தனக்காக உட்கார்ந்த இரவுகளுக்குக் கணக்கில்லை.

ஐந்து பத்தொன்பது. நகத்தைக் கடித்தாள். சதையோடு வந்தது.

ஐந்து இருபது.

படுக்கை ஏழின் பதிவு அசைந்தது. ஆனால் மறையவில்லை. 'நேரத்துக்காகக் காத்திருக்கிறது' என்ற சொற்கள் 'பூட்டுக்காகக் காத்திருக்கிறது' என்று மாறின. பக்கத்தில் முயற்சிகளின் எண்ணிக்கை. ஒன்று. அரை நிமிடம் கழித்து இரண்டு. மூன்று. அவள் வாய்விட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு காலி அறையில் எதிரொலித்தபோது கூசிப்போய் நிறுத்தினாள்.

போன் அடித்தது. அத்தான்.

"கையப் பிடிச்சுட்டுதான் இருக்கேன்மா," என்றார். "இப்ப திடீர்னு பேச்சை நிறுத்திட்டா. கண்ணு திறந்துதான் இருக்கு. கூப்பிட்டா திரும்பல. கை கதகதப்பாத்தான் இருக்கு. ஆனா…"

"ஆனா என்ன?"

"மூச்சு விடல."

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். சக்கரங்களின் சத்தம். போனை சிஸ்டர் வாங்கிக்கொண்டாள். நாடி இல்லை, மானிட்டரில் நேர்க்கோடு, ஆனால் உடம்பு ஆறவில்லை, கண் விழி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது, டாக்டருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, எழுதப் போனாலும் கணினி விடமாட்டேன் என்கிறது. "யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சிருக்காங்க," என்றாள். "பேரு காட்டுது. உங்க பேரு."

டீச்சர் போனை வைத்துவிட்டாள். பக்கத்தை மாற்றினாள். முகவரி. அக்காவின் வீட்டுக் கதவு எண்.

செத்தால்தானே எழுதுவார்கள். எழுதவில்லை, அதனால் சாகவில்லை. இதை அவள் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

ஐந்து நாற்பதுக்கு வரிசையில் இன்னொரு பெயர் வந்தது. அதன் நேரமும் கடந்தது. அதுவும் போகவில்லை. அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. மரணப் பதிவுகளுக்குத் தொடர் எண் உண்டு. இடையில் ஓர் எண்கூட விடுபடக் கூடாது என்பது சட்டம். அதனால் அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுதப்படும். முன்னால் நிற்பது நகராவிட்டால் பின்னால் நிற்பது எதுவும் நகராது.

ஆறு மணிக்குள் நான்கு பேர் ஆனார்கள். ஆறேகாலுக்கு ஏழு பேர். ஒவ்வொருவரும் அவரவர் எண்ணாலேயே பதியப்பட்டவர்கள். வார்டு எண் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். நேர்க்கோடு, திறந்த கண், கதகதப்பான கை. அவர்களெல்லாம் யாரோ. அவர்களுக்கும் வீட்டில் யாரோ. அவள் பாவம் செய்கிறாள், அதுவும் தெரியும். தெரிந்தேதான் பக்கத்தை மாற்றினாள்.

ஜன்னலில் வெயில் வடிந்துவிட்டிருந்தது. விளக்குப் போட எழுந்திருக்க மனமில்லை. திரையின் வெளிச்சம் மட்டும் அவள் கைகள் மேல் விழுந்தது. அறையில் தரை துடைக்கும் திரவத்தின் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை மெதுவாகக் கிளம்பியது. ஸ்பிரிட். ஊசி போடும் முன் பஞ்சில் நனைத்துத் தடவுவார்களே, அது. காலடியில் தரை சில்லென்றது. செருப்பைக் கால் விரல்களால் துழாவிப் போட்டுக்கொண்டாள்.

மேசைத் தொலைபேசி அடித்தது. கீழே இருக்கும் வாட்ச்மேன் எண் என்பதால் எடுத்தாள்.

"மேடம், உங்களப் பார்க்க யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையே. ஏன்?"

"லிஃப்ட் தானா உங்க மாடிக்குப் போய்ட்டுப் போய்ட்டு வருது. உள்ள பார்த்தா யாருமே இல்ல. ஆனா போகும்போதெல்லாம் ஓவர்லோடு மணி அடிக்குது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. அதற்கப்பால் நடைபாதை. அதன் கோடியில் லிஃப்ட்.

டிங் என்று கேட்டது.

கதவுகள் விலகும் சத்தம். வெறுங்கால்கள். நிறைய. அவசரமில்லாமல். நடைபாதையின் பளிங்கில் ஒட்டி, விலகி, ஒட்டி. பிறகு நின்றன.

அவள் பக்கத்தை மாற்றினாள். இரத்தவகை.

பேச்சில்லை. தட்டவில்லை. இருமல்கூட இல்லை. அவ்வளவு பேர் நின்றால் மூச்சுச் சத்தமாவது கேட்க வேண்டும். கேட்கவில்லை.

திரையின் கறுப்பு ஓரத்தில் கதவின் பிம்பம் தெரிந்தது. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டாள். பார்த்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் அக்கா. வெளிர்நீல ஆஸ்பத்திரி அங்கி. நாடா கோணலாக முடிந்திருந்தது. தலைமுடி ஒரு பக்கம் தலையணையில் அமுங்கி. கையில் நோயாளி எண் எழுதிய பிளாஸ்டிக் பட்டை. அவளுக்குப் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒருவர். அதே அங்கி. நேராக, ஒழுங்காக. யாரும் யாரையும் முந்தவில்லை.

"அக்கா," என்றாள் டீச்சர், திரும்பாமல். "போயிடு. படுத்துக்கோ. நான் பார்த்துக்கறேன்."

அக்கா கையைத் தூக்கினாள். ஊழியர் அட்டையைக் காட்டும் இடத்தில் மணிக்கட்டைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது.

ஸ்பிரிட் வாசனை அறையை நிறைத்தது.

காலடிகள் நாற்காலிகளுக்கு நடுவே வந்தன. அவளுக்குப் பக்கத்தில் நின்றன. டீச்சரின் முழங்கையில் அங்கியின் துணி உரசியது. அந்தத் துணிக்குள்ளிருந்து சூடு வந்தது. காய்ச்சல்காரரின் சூடு. இடுப்பருகே தையல் போட்ட இடத்தில் ஈரம். மூச்சு மட்டும் இல்லை.

"மன்னிச்சுடு," என்றாள். "என்னால முடியாது."

அக்கா டீச்சரின் கையைப் பிடிக்கவில்லை, விசைப்பலகையைத் தொடவில்லை. தன் முறை வந்தும் கூப்பிடப்படாத ஒருத்தியாக, கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முயற்சி நூற்று எழுபது. நூற்று எழுபத்தொன்று.

டீச்சர் பக்கத்தை மாற்றினாள். முகவரி.

வெளியே லிஃப்ட் மறுபடி திறந்தது. புதிதாக வந்தவர்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்ள, அவர்களுக்கு இடம்விட்டு எல்லோரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.